பப்பாளி விதை வயிற்றுப் பூச்சியைக் கொல்லுமா?

சிவகாசி பக்கத்துக் கிராமங்களில் பொழுது விடிந்ததும் பட்டாசு ஆலைக்கு ஆட்கள் புறப்பட்டு விடுவார்கள். பல வீடுகளில் குழந்தைக்குப் பாட்டிதான் காவல். குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால், "பூச்சித் தொல்லை" என்பாள் பாட்டி. வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுப்பாள். சிலர் பப்பாளி விதை கொடுப்பார்கள்.

அது பலிக்குமா?

ரத்தம் குடிக்கும் புழு

வயிற்றுப் பூச்சி சாதாரணமானது அல்ல. கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலைக் கவ்வி ரத்தத்தை உறிஞ்சும். பிள்ளைக்குச் சோகை பிடிக்கும். படிப்பில் மனம் செல்லாது. நாக்குப்பூச்சியோ ஒரே நாளில் 2 லட்சம் முட்டை வரை இடும்!

மண்புழுவுக்கு மருந்து

நாட்டு மருந்தைச் சோதிக்க, நம் நாட்டுச் சோதனைக்கூடங்களில் மண்புழுவைப் பயன்படுத்துகிறார்கள். குடலில் வாழும் நாக்குப்பூச்சிக்கும் அதற்கும் உடல் அமைப்பில் ஒற்றுமை உண்டு.

ஒரு கிண்ணத்தில் விதைச் சாறு. இன்னொன்றில் டாக்டர்கள் கொடுக்கும் 'ஆல்பெண்டசோல்' மருந்து. மூன்றாவதில் வெறும் உப்பு நீர். மூன்றிலும் புழுக்களை விடுகிறார்கள். எத்தனை நிமிடத்தில் புழு அசைவற்றுப் போகிறது, எப்போது சாகிறது என்று குறித்துக் கொள்கிறார்கள்.

கிண்ணத்தில் புழு செத்தால் போதுமா? போதாது. வயிற்றுக்குள் போன சாறு ஜீரணமாகி வலுவிழக்கலாம். புழுவைக் கொல்லும் அளவு குழந்தைக்கும் கெடுதல் செய்யலாம். ஆகவே மனிதர்களிடமும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

60 குழந்தைகள்

அப்படி ஒரு சோதனை ஆப்பிரிக்காவில், நைஜீரியா நாட்டில் நடந்தது. அதன் முடிவு 2007-ம் ஆண்டில் வெளியாயிற்று. வயிற்றில் கிருமியும் புழுவும் இருந்த 60 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். 30 பேருக்குக் காய்ந்த பப்பாளி விதையைத் தேனில் கலந்து கொடுத்தார்கள். மற்ற 30 பேருக்கு வெறும் தேன். ஏழு நாள் கழித்து மலத்தைச் சோதித்தார்கள்.

விதை சாப்பிட்டவர்களில் 23 பேருக்குத் தொல்லை நீங்கியிருந்தது. தேன் மட்டும் சாப்பிட்டவர்களில் 5 பேருக்கே நீங்கியிருந்தது.

பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது! ஆனால் 7 பேருக்கு விதையும் பலிக்கவில்லை. 60 பேரை மட்டும் வைத்து ஒரு மருந்தை முடிவு செய்ய முடியாது. எந்த வயதுக்கு எத்தனை விதை என்ற கணக்கும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க நாளில் ஆல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு வயதுக்கு மேல் முழு மாத்திரை. ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை.

மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைத்தான் கொல்லும். மறுபடியும் வராமல் தடுக்க, காலுக்குச் செருப்பு, கைக்குச் சோப்பு, வீட்டுக்குக் கழிப்பறை மூன்றும் வேண்டும்.

வேப்பங்கொழுந்தைப் பாட்டி அரைக்கட்டும். ஆனால் மாத்திரை நாளன்று பேரனைப் பள்ளிக்கு அனுப்ப மறக்க வேண்டாம்.