குறைந்த தொகையும் குறையாக் கடனும்

கொங்கு நாடு உழைப்பின் நாடு. மழை குறைந்த நிலத்தில் வாழ்ந்த அந்நாட்டு மக்கள், பாறையை உடைத்து ஆழ்ந்த கிணறுகளைத் தோண்டினர். கவலை பூட்டி நீர் இறைத்துப் பருத்தியும் சோளமும் விளைத்தனர். பின்னர்ப் பஞ்சாலை, விசைத்தறி, பின்னலாடை ஆகிய தொழில்களையும் வளர்த்தனர். கிணறு வெட்டவும், எருது வாங்கவும், தறி நிறுவவும் பணம் வேண்டும். கையில் பொருள் இல்லாதபோது அவர்கள் கடன் பெற்றனர். ஆதலின், கடன் என்பது அம்மக்களுக்குப் புதியதன்று. கடன் பெறுதல் இழிவும் அன்று. எதற்காகக் கடன், எவ்வளவு வட்டி, எந்நாளில் தீரும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை அறியாமல் பெறுவதே தீங்கு பயப்பதாகும்.

கோயம்புத்தூர் மாவட்டத்தின் நிலவளம், வேளாண்மை, மக்கள் வாழ்க்கை ஆகியவற்றை விளக்கும் விரிவான நூல் ஒன்று 1887-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைத் தொகுத்தவர் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் ஆங்கிலேய அலுவலர். உழவர்க்குக் கடன் அளிக்கும் வங்கிகளைத் தோற்றுவித்தல் இயலுமா என்பதைச் சென்னை மாகாண அரசின் பொருட்டு ஆராய்ந்தவரும் அவரே. அவருடைய அறிக்கை 1895-லும் 1897-லும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஜெர்மனி நாட்டில் ரைபைசன் என்பார் தோற்றுவித்த சிற்றூர்க் கடன் சங்கங்களை அவர் எடுத்துக்காட்டினார். 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இந்தியாவில் நிறைவேறியது. பயன் விளைக்கும் செயலுக்கே கடன் தருதல், கடனைத் திருப்பும் காலத்தை முன்கூட்டியே வரையறுத்தல் ஆகியவை அத்தகைய சங்கங்களின் அடிப்படைக் கொள்கைகள். அறுவடை வந்ததும் கடன் தீரும் என்று உழவர் அறிந்திருந்தார். அக்கடனுக்கு ஒரு முடிவுநாள் இருந்தது.

இக்காலத்தில் முடிவுநாள் குறிக்கப்படாத கடன் ஒன்று நம் சட்டைப்பையிலேயே வந்து தங்கியுள்ளது. அதுவே கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டையாகும்.

1950-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் டைனர்ஸ் கிளப் என்னும் நிறுவனம் ஓர் அட்டையை வழங்கியது. அதனைக் காட்டி உணவகங்களில் உண்டவர், மாத இறுதியில் முழுத் தொகையையும் செலுத்திவிட வேண்டும். எட்டு ஆண்டுகள் கழிந்தன. பருத்தியும் திராட்சையும் விளையும் கலிபோர்னிய வேளாண் பகுதியில் பிரெஸ்னோ என்னும் நகரம் உள்ளது. 1958 செப்டம்பரில் அமெரிக்க வங்கி ஒன்று அந்நகர மக்கள் ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் கேளாமலே, அட்டைகளை அஞ்சலில் அனுப்பிவைத்தது. அவ்வட்டையில் வாங்கிய கடனை முழுவதும் உடனே திருப்ப வேண்டுவதில்லை. ஒரு பகுதியைச் செலுத்தி, எஞ்சியதை வட்டியுடன் அடுத்த மாதத்திற்குத் தள்ளலாம். இதனைச் சுழற்கடன் என்பர். இன்று உலகெங்கும் வழங்கும் கடன் அட்டைகள் இம்முறையையே பின்பற்றுகின்றன.

இவ்வட்டை செயற்படும் முறையை நோக்குவோம். மாதந்தோறும் குறித்த ஒரு நாளில் வங்கி கணக்குப் பட்டியல் அனுப்பும். அதில் இரண்டு தொகைகள் காணப்படும். ஒன்று, மொத்த நிலுவை. மற்றொன்று, குறைந்தபட்சத் தொகை. பணம் செலுத்துவதற்கு ஏறத்தாழ 20 நாள் கெடு உண்டு. கெடு நாளுக்குள் மொத்த நிலுவையையும் செலுத்தியவர், வாங்கிய பொருள்களுக்கு வட்டி தருவதில்லை. அவருக்கு இவ்வட்டை உண்மையிலேயே நன்மை தருவது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தியவரோ தாமதக் கட்டணத்திலிருந்து தப்புவார், வட்டியிலிருந்து தப்பமாட்டார். செலுத்தாத பாக்கிக்குப் பொருள் வாங்கிய நாள் முதலே வட்டி கணக்கிடப்படும். அதுமட்டுமன்று, பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. இன்று வாங்கும் அரிசிக்கும் எண்ணெய்க்கும் இன்றே வட்டி தொடங்கிவிடும். அட்டையைக் கொண்டு ரொக்கமாகப் பணம் எடுத்தாலோ, பழைய பாக்கி இல்லாதவருக்கும் எடுத்த நாள் முதலே வட்டி உண்டு. தனிக் கட்டணமும் உண்டு.

ஒரு கணக்கினால் இதனைத் தெளிவாக அறியலாம். திருப்பூரில் பின்னலாடை ஆலையொன்றில் பணிபுரியும் ஒருவர் 15,000 ரூபாய் வரம்புடைய அட்டையை வைத்திருப்பதாகக் கொள்வோம். அதில் 10,000 ரூபாய்க்கு அவர் ஒரு கைப்பேசி வாங்குகிறார். வட்டி மாதத்திற்கு நூற்றுக்கு மூன்றரை ரூபாய் என்க. குறைந்தபட்சத் தொகை, நிலுவையில் நூற்றுக்கு ஐந்து பங்கு என்க. கணக்கு எளிதாகும் பொருட்டு, அதன்பின் அவர் வேறு எதுவும் வாங்கவில்லை என்றே கொள்வோம்.

ஒரு மாதத்திற்கு வட்டி 350 ரூபாய். அவ்வட்டியின்மேல் நூற்றுக்கு 18 வீதம் சரக்கு சேவை வரி 63 ரூபாய். ஆக நிலுவை 10,413 ரூபாய். அதில் நூற்றுக்கு ஐந்து பங்காகிய ஏறத்தாழ 521 ரூபாயை அவர் செலுத்துகிறார். எஞ்சுவது 9,892 ரூபாய். செலுத்திய 521 ரூபாயில் 413 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போயிற்று; கடனில் குறைந்தது 108 ரூபாயே.

இவ்வாறே ஓராண்டு முழுவதும் தவறாமல் செலுத்தினால், அவர் கையிலிருந்து சென்றது ஏறத்தாழ 5,891 ரூபாயாகும். அப்போதும் எஞ்சும் கடன் 8,782 ரூபாய். முதற்கடன் பாதியாகக் குறைவதற்கே 64 மாதங்கள், அஃதாவது ஐந்தாண்டுக்கு மேல், ஆகும். அதற்குள் அக்கைப்பேசி பழுதுற்றுப் போயிருக்கவும் கூடும். கடன் மட்டும் பாதி உயிருடன் நிற்கும்.

கிணற்றில் ஊற்று உள்ளவரை, இறைக்க இறைக்க நீர் ஊறிக்கொண்டே இருக்கும். நீருக்கு அது நன்மை. கடனுக்கு வட்டியே ஊற்று. ஊறுவதைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் இறைப்பவன் கிணற்றின் அடியைக் காண்பது எந்நாள்?

இனி, அதே மனிதர் மாதந்தோறும் 1,000 ரூபாய் செலுத்தத் துணிந்தார் என்று கொள்வோம். கடன் 14 மாதங்களில் அடியோடு தீரும். வட்டியும் வரியுமாக அவர் தருவது ஏறத்தாழ 3,166 ரூபாய். 2,000 ரூபாய் வீதம் செலுத்தினால் 6 மாதங்களில் தீரும். வட்டியும் வரியும் 1,439 ரூபாயளவில் நின்றுவிடும். கடனும் அதே கடன். வட்டி வீதமும் அதே வீதம். செலுத்தும் தொகையை உயர்த்தியதால், இல்லாத முடிவுநாள் ஒன்று பிறந்துவிட்டது.

சிறிய வரம்புடைய அட்டை பெரிய துன்பம் தராது என்று சிலர் எண்ணுவர். தொகை சிறிதாகத் தோன்றுவதே ஏமாற்றத்திற்கு இடமாகிறது. ஐந்நூறு ரூபாய் கேட்கும் பட்டியலைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. மாதத்திற்கு மூன்றரை என்பது சிற்றெண் போலத் தோன்றினும், ஆண்டிற்கு அது நூற்றுக்கு 42 ஆகிறது. வட்டிக்கு வட்டி ஏறுமாயின் 51-ஐத் தாண்டுகிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலிய கொடுமைகளைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. கந்துவட்டி என்றதும் அஞ்சும் நாம், அச்சிட்ட பட்டியலில் உள்ள வட்டியைப் பெருக்கிப் பார்க்கவும் தவறுகிறோம் அன்றோ?

கடன் அட்டைக்கு ஆண்டிற்கு நூற்றுக்கு 30-க்கு மேல் வட்டி வாங்குதல் முறையன்று எனத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஆதலின், வாங்குபவர் விழிப்பே அவருக்கு முதற்காப்பு. அவ்விழிப்புக்குத் துணைசெய்யும் விதிகளும் உள்ளன. 2022-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், கேளாதவருக்கு அட்டை அனுப்புதலைத் தடுத்தன. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திவந்தால் கடன் பல ஆண்டுகள் நீளும், கூட்டு வட்டியும் ஏறும் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு பட்டியலிலும் கண்ணில் படும்படி அச்சிட வேண்டும் என்றும் அவை கட்டளையிட்டன. பாக்கி முழுவதையும் தீர்த்தவர் அட்டையை முடித்துவிட விரும்பினால், ஏழு வேலை நாள்களுக்குள் வங்கி அதனைச் செய்தல் வேண்டும் என்பதும் அந்நெறிமுறைகளில் ஒன்று.

மாணவர்களே! நீங்கள் இன்னும் கடன் அட்டை பெறும் வயதை எய்தவில்லை. ஆயினும் உங்கள் இல்லத்தில் ஆங்கிலம் படித்தறிந்தவர் நீங்களாகவே இருத்தல் கூடும். கைப்பேசியில் வங்கியின் செய்தி வந்ததும், "எவ்வளவு கட்டவேண்டும்? படித்துச் சொல்" என்று பெற்றோர் உங்களிடம் கேட்கலாம். அப்போது குறைந்தபட்சத் தொகையை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். மொத்த நிலுவை, வட்டி வீதம், கெடு நாள் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முழுத் தொகையையும் செலுத்த இயலுமாயின் அதுவே சிறந்தது. இயலாதாயின், பாக்கி தீரும்வரை அட்டையை எடுக்காதிருத்தல் முதற்செயல். மாதம் இவ்வளவு செலுத்துவோம், இன்ன மாதத்தில் தீர்ப்போம் என்று ஒரு தாளில் எழுதி வைத்தல் இரண்டாம் செயல். குறைந்த வட்டியில் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வேறு கடன் பெற்று இதனை அடைத்துவிட முடியுமா என ஆராய்தல் மூன்றாம் செயல். எதுவும் இயலாத மாதத்தில் குறைந்தபட்சத் தொகையையேனும் தவறாது செலுத்துதல் வேண்டும். அன்றேல் தாமதக் கட்டணமும் சேரும், பின்னாளில் கடன் பெறும் தகுதியும் குன்றும். ஆனால் அத்தொகை இடர்க்காலத்து ஊன்றுகோலேயன்றி, நடந்து செல்லும் கால் ஆகாது.

வங்கி நமக்குக் குறித்தனுப்புவது குறைந்த தொகையை. கடன் தீரும் நாளைக் குறிக்க வேண்டியவர் நாமே.