சிசுவும் சர்க்காரும்

குழந்தைக்கு வயிறார உணவும் படுக்கத் தொட்டிலும் அளித்துவிட்டால் சர்க்காரின் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் எல்லாத் தேசங்களிலும் உண்டு. அவர்கள் ருமேனியாவின் சரித்திரத்தைச் சிறிது கவனிப்பார்களாக.

ஜனத்தொகை பெருகினால் தேசம் வலிமையடையும் என்று கருதிய சௌஷெஸ்கு, 1966-ல் கருச்சிதைவைத் தடை செய்து கட்டளை பிறப்பித்தார். பிள்ளைகள் பிறந்தனர், வளர்க்க வகையற்ற பெற்றோர் பலர் அவர்களைச் சர்க்கார் விடுதிகளில் விட்டுச் சென்றனர். 1989 டிசம்பரில் அவ்வாட்சி கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அவ்விடுதிகளில் அடைபட்டிருக்கக் கண்டு உலகம் திடுக்கிட்டது. அழுதால் எடுப்பாரின்மையால் அழுவதையே விட்டுவிட்ட சிசுக்கள்! அடித்தால்தான் கொடுமை என்பதில்லை.

இக்கொடுமை உடலில் எங்கே பதிகிறது? அச்சம் நேரிடுகையில் மூளையின் அடிப்பாகத்திலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கும், அங்கிருந்து சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகளுக்கும் ஆணை செல்கிறது. அவை கார்டிசால் என்னும் ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. அந்தக் கார்டிசாலே மூளையை எட்டித் தன் சுரப்பை அடக்கவும் செய்கிறது. காலையில் மிகுந்து இரவில் குறைவது அதன் இயல்பு. 1990-களில் ருமேனிய விடுதிக் குழந்தைகளின் உமிழ்நீரைப் பரிசோதித்த மேரி கார்ல்ஸன், பெல்டன் ஏர்ல்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர்கள், இந்த அன்றாட ஒழுங்கு குலைந்திருக்கக் கண்டனர்.

பின்னர் நெல்ஸன், பாக்ஸ், ஜீனா ஆகிய மூவர் புக்காரெஸ்ட் நகரில் 136 விடுதிக் குழந்தைகளைத் தெரிந்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்ப்பித்தனர். மற்றப் பாதியைக் கைவிட்டது நியாயமா என்று கேட்கலாம், நாமும் கேட்டோம். அந்நகரில் அப்போது வளர்ப்புக் குடும்பங்கள் அனேகமாக இல்லை. பிற்பாடு எவருக்கேனும் இல்லம் கிடைத்தால் தடுப்பதில்லை என்பதும் அவர்கள் விதித்துக்கொண்ட நிபந்தனை. ஆதலால் குற்றம் சாட்ட நாம் துணியவில்லை.

அக்குழந்தைகள் ஏறக்குறைய 12 வயது அடைந்தபின், பெரியோர் முன்னிலையில் பேசச் செய்து பரீட்சித்தனர். அதன் முடிவு 2015-ல் வெளியாயிற்று. விடுதியிலேயே விடப்பட்டோருக்குக் கார்டிசால் உயரவேண்டிய அளவு உயரவில்லை. இருதயத் துடிப்பும் மந்தமாகவே இருந்தது. இதைத் தைரியம் என்று மயங்கலாகாது. காவற்காரன் தூங்குவதால் வீட்டில் திருடன் இல்லை என்று ஆகுமா? இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்த குழந்தைகளிடமோ இவ்வமைப்பு பெரும்பாலும் சாதாரணக் குழந்தைகளைப் போலவே இயங்கிற்று. காலங்கடந்து கிடைத்தவர்களுக்கு அப்பயன் இல்லை.

2004-ல் ருமேனிய சர்க்கார், இரண்டு வயதுக்குட்பட்ட சிசுக்களை விடுதியில் சேர்க்கலாகாதென்று சட்டம் செய்தது. வரவேற்கிறோம். ஆனால் கடும் ஊனமுற்ற சிசுக்களை அச்சட்டம் தன் பாதுகாப்பிலிருந்து விலக்கிற்று. தாய்மடி மற்றெல்லோரையும்விட அதிகமாக வேண்டியிருப்பது அவர்களுக்கன்றோ? அவ்விலக்குக்கு நாம் யாதொரு நியாயமும் காணோம்.