கிளட்ச் கருகாமல் காரைப் பாய விடுவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் வாரத்திலேயே குடியேறிவிடும் கேம்களில் ஒன்று கார் பந்தயம். கீ போர்டில் மேல் நோக்கிய அம்புக் குறி கீயை அழுத்திப் பிடித்தால் போதும். சுபாரு இம்ப்ரெஸாவோ மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனோ புழுதியைக் கிளப்பிக் கொண்டு பாயும். நூறு முறை இப்படிக் கிளப்பினாலும் திரையில் உள்ள காருக்கு எதுவும் ஆகாது.

உண்மையான காரில் இதையே நாலைந்து முறை அடுத்தடுத்துச் செய்தால் ஒரு கருகல் வாடை மூக்கைத் துளைக்கும். கிளட்ச் பிளேட் கருகும் வாடை அது. பிளேட்டை மாற்ற வேண்டும் என்றால் கியர் பாக்ஸைக் காரிலிருந்து கழற்ற வேண்டும். பிளேட்டின் விலையோடு இந்த வேலைக்கான கூலியும் சேர்ந்து கையைக் கடிக்கும்.

திரையில் உள்ள காருக்கும் சாலையில் உள்ள காருக்கும் ஏன் இந்த வேறுபாடு? கிளட்சைக் கெடுக்காமல் வேகமாகக் கிளம்ப முடியுமா? இதில் கம்ப்யூட்டர் எந்த அளவிற்கு உதவும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தக் கார்கள் இவை?

டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் சேர்ந்த கார் என்றால் முதலில் நினைவிற்கு வருவது ஆடி குவாட்ரோ. 1980ல் ஜெனீவா கார் கண்காட்சியில் இது அறிமுகமானது. அடுத்த ஆண்டே உலக ராலிப் பந்தயத்தில் இறங்கியது. அந்த 1981ஆம் ஆண்டில் சான்ரெமோ ராலியை இந்தக் காரில் வென்ற மிஷேல் மூத்தோன், உலக ராலிப் போட்டி ஒன்றில் வெற்றி பெற்ற முதல் பெண் ஆனார். 1992ல் ஜப்பானில் இருந்து இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரும் லான்சர் எவல்யூஷன் காரும் வந்தன. 1995ல் காலின் மெக்ரே சுபாருவிலும், 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் டாமி மாக்கினென் மிட்சுபிஷியிலும் உலகச் சாம்பியன் ஆனார்கள். கேம்களில் இந்தக் கார்கள் இடம் பிடித்ததற்கு இந்த வெற்றிகளே காரணம்.

சென்னைக்கு அருகே திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த லான்சர் காரைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெயர் ஒன்றுதான். ஆனால் அதில் முன் சக்கரங்கள் மட்டுமே இயங்கும். எவல்யூஷன் என்பது ராலிப் பந்தயத்திற்காக உருவான அண்ணன்.

கிளட்ச் மட்டும் ஏன் மாட்டிக் கொள்கிறது?

கார் நிற்கும்போது இன்ஜின் சுற்றிக் கொண்டிருக்கிறது. சக்கரங்கள் அசையாமல் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் இடத்தில் இருப்பது கிளட்ச். பெடலில் இருந்து காலை எடுக்கும்போது சுற்றும் ப்ளைவீலும் நிற்கும் பிளேட்டும் உரசுகின்றன. இரண்டும் ஒரே வேகத்திற்கு வந்தவுடன் உரசல் நின்றுவிடும். அதுவரை உண்டாகும் வெப்பம் முழுவதும் கிளட்சில்தான் சேரும்.

இரண்டு சக்கரங்கள் மட்டும் இயங்கும் காரில் சக்தி அதிகமானால் டயர்கள் தரையில் வழுக்கிச் சுழலும். டயர் தேயும், புகை வரும், ஆனால் கிளட்ச் தப்பித்துக் கொள்ளும். நான்கு சக்கரங்களும் இயங்கும் காரில் நான்கு டயர்களும் தரையை இறுகப் பிடித்துக் கொள்கின்றன. டயர் வழுக்காதபோது வழுக்குவதற்கு மீதி இருக்கும் ஒரே இடம் கிளட்ச்தான்.

சுற்றைக் குறைத்துக் கொண்டு மெதுவாகக் கிளப்பலாமே என்று கேட்கலாம். இங்குதான் டர்போ குறுக்கே வருகிறது. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றுவது டர்போ. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது புகை குறைவு. எனவே டர்போவிற்கும் வேலை இல்லை. அந்த நிலையில் கிளட்சை விட்டால் நான்கு டயர்களின் பிடிப்பு இன்ஜினை அமுக்கிவிடும். மீட்டர் முள் கீழே விழும். கார் முக்கி முனகித்தான் நகரும்.

ஆக, சுற்று அதிகமானால் கிளட்ச் கருகும். குறைந்தால் கார் படுத்துவிடும். இந்த இரண்டிற்கும் நடுவே உள்ள குறுகலான இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் முழு வித்தையும்.

ஒரு சின்னக் கணக்கு

ஓட்டுநருடன் சேர்த்து 1500 கிலோ எடையுள்ள கார் ஒன்றை எடுத்துக் கொள்வோம். முதல் கியரில் இன்ஜின் நிமிடத்திற்கு 5000 சுற்று சுற்றும்போது கார் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்வதாக வைத்துக் கொள்வோம். இன்ஜினை 5000 சுற்றிலேயே வைத்துக் கொண்டு, கார் அந்த வேகத்தை எட்டும் வரை கிளட்சை உரச விட்டால் ஏறத்தாழ 90 கிலோ ஜூல் வெப்பம் கிளட்சில் இறங்கும். 300 மி.லி. தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டு வர இந்த வெப்பம் போதும். இது இரண்டே விநாடிகளில் நடந்தால் அது 45,000 வாட். நம் கம்ப்யூட்டரில் உள்ள ப்ராசசர் 65 வாட் வகை என்றால், அது போன்ற 700 ப்ராசசர்களின் வெப்பம்!

இதையே 2000 சுற்றில் செய்தால் கார் மணிக்கு 16 கி.மீ. வேகத்தை எட்டியவுடன் உரசல் முடிந்துவிடும். வெப்பம் 15 கிலோ ஜூலுக்கும் குறைவு. சுற்று இரண்டரை மடங்கு ஏறும்போது வெப்பம் ஆறு மடங்கிற்கு மேல் ஏறுகிறது. எனவே 500 சுற்றைக் குறைத்தாலும் கிளட்சிற்கு அது பெரிய நிம்மதி.

இன்னொன்றையும் கவனியுங்கள். ப்ராசசர் சூடானால் அதன் மேல் மின்விசிறி ஓடுகிறது. இன்னும் சூடானால் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்கிறது. காலால் இயக்கும் கிளட்சிற்கு இந்த இரண்டு வசதிகளும் இல்லை. அதற்கு விசிறியும் நீங்கள்தான், பிரேக்கும் நீங்கள்தான்.

காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

இன்றைய கார்களில் இன்ஜினை இயக்குவதும் ஒரு கம்ப்யூட்டரே. இதனை இ.சி.யு. என அழைக்கிறோம். எவ்வளவு பெட்ரோல் செல்ல வேண்டும், எந்த நொடியில் தீப்பொறி எழ வேண்டும் என்பதையெல்லாம் இதுவே முடிவு செய்கிறது. இதில் லாஞ்ச் கண்ட்ரோல் என்ற புரோகிராமை எழுதி வைக்கலாம். கார் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதித்தாலும், குறிப்பிட்ட சுற்றைத் தாண்டாமல் தீப்பொறியையோ பெட்ரோலையோ விட்டு விட்டு நிறுத்தி இது இன்ஜினைப் பிடித்து வைக்கும். முள் ஆடாமல் ஒரே இடத்தில் நிற்கும்.

ஆனால் சுற்றைப் பிடித்து வைப்பது வேறு. கிளட்சைக் காப்பது வேறு. எந்தச் சுற்றில் பிடிக்க வேண்டும் என்ற எண்ணைத் தவறாகக் கொடுத்தால், கம்ப்யூட்டர் அந்தத் தவறையும் ஒழுங்காகவே செய்யும்.

2007ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிசான் ஜி.டி.ஆர். காரில் கிளட்ச் பெடலே கிடையாது. இரண்டு கிளட்ச்களையும் கம்ப்யூட்டரே இயக்குகிறது. தொடக்கத்தில் வந்த கார்களில் அதிகச் சுற்றில் பாய விட்டதால் கியர் பாக்ஸ் பழுதானதாகப் புகார்கள் எழுந்தன. பின்னர் நிசான் புரோகிராமை மாற்றி, குறைந்த சுற்றிலேயே கார் கிளம்பும்படி செய்தது. இந்தப் பாடம் காலால் கிளட்சை மிதிப்பவர்களுக்கும் பொருந்தும்.

கிளப்பும் முறை

கீழே உள்ளவை மூடப்பட்ட பந்தயத் தடத்திற்கு மட்டுமே. பொதுச் சாலையில் இதனைச் செய்து பார்ப்பது மற்றவர் உயிரோடு விளையாடுவதாகும்.

1. இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் நன்கு சூடாகும் வரை சிறிது தூரம் சாதாரணமாக ஓட்டவும். ஏ.சி.யை நிறுத்தவும். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும்.

2. கிளட்ச் பெடலை முழுவதுமாக மிதித்து முதல் கியரைப் போடவும். கிளம்பும் நேரம் நெருங்கிய பின்னரே சுற்றை ஏற்றவும்.

3. முதல் முயற்சியை 2500 சுற்றில் செய்யவும். முள் கீழே விழுந்து கார் முனகினால் அடுத்த முறை 500 கூட்டவும். எந்த எண்ணில் கார் படுக்காமல் கிளம்புகிறதோ அதுவே உங்கள் காருக்கான எண். அதற்கு மேல் ஒரு சுற்று கூட வேண்டாம்.

4. பெடலை, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம் வரை விரைவாக மேலே விடவும். அங்கு ஒரு கணம் நிறுத்தவும். கார் நகரத் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரை அதிகரித்துக் கொண்டே மீதியையும் விட்டு விடவும். எல்லாம் சேர்த்து ஒன்று முதல் இரண்டு விநாடிகளில் முடிய வேண்டும்.

5. பெடலில் இருந்து காலைச் சட்டென்று வழுக்கி எடுக்க வேண்டாம். கிளட்ச் தப்பித்தாலும் அந்த அடி கியர் பற்களிலும் ஆக்சிலிலும் விழும். கிளட்ச் பிளேட்டை விட அவை விலை கூடியவை.

6. கிளம்பிய பின் இடது காலைப் பெடலை விட்டு நன்றாகத் தள்ளி வைக்கவும். லேசாக வைத்த காலும் கிளட்சை உரச வைக்கும்.

7. அடுத்த முயற்சிக்கு முன் பத்து நிமிடமாவது மெதுவாக ஓட்டி ஆற விடவும். கருகல் வாடை வந்தால் அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்தது.

கேமில் பழகலாமா?

பழகலாம். ஆனால் கீ போர்டில் முடியாது. கீ என்பது அழுத்தப்பட்டது, அழுத்தப்படாதது என்ற இரண்டே நிலைகளைக் கொண்டது. கிளட்ச் பாதி பிடித்த நிலை என்பதைக் கீ போர்டால் சொல்ல முடியாது. மேலே ஐந்தாவதாகச் சொன்ன தவறைத்தான் கீ ஒவ்வொரு முறையும் செய்யும். கிளட்ச் பெடல் உள்ள ஸ்டியரிங் வீல் செட் அப்படி அல்ல. பெடலின் நிலையை அது பல படிகளாக அனுப்பும். 8 பிட் என்றால் 256 படிகள். 2006ல் வந்த லாஜிடெக் ஜி25 போன்ற மூன்று பெடல் செட்கள் இந்த வகை.

யு.எஸ்.பி. போர்ட்டில் செட்டை இணைத்த பின், விண்டோஸ் தேடல் கட்டத்தில் கேம் கன்ட்ரோலர் என ஆங்கிலத்தில் டைப் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில் ப்ராப்பர்ட்டீஸ் கிளிக் செய்தால் ஒவ்வொரு பெடலுக்கும் ஒரு பட்டை தெரியும். பெடலை மெதுவாக மிதிக்கும்போது பட்டை சீராக ஏறி இறங்க வேண்டும். பின்னர் கேமின் ஆப்ஷன்ஸ் பிரிவில் தானாக இயங்கும் கிளட்ச் என்ற வசதி இருந்தால் அதனை நீக்கவும். 2004ல் வெளியான ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி, 2014ல் வெளியான அசெட்டோ கோர்சா போன்றவை காரின் இயக்கத்தை உண்மைக்கு நெருக்கமாகக் காட்டுபவை.

காலுக்கு நிதானம் வர இது நல்ல பயிற்சி. ஆனால் திரையில் இருந்து வாடை வராது. எனவே ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே ஆற விடும் பழக்கத்தைக் கேமிலேயே ஏற்படுத்திக் கொள்ளுங்கள்.

எக்ஸெல் சொல்லும் உண்மை

காரின் டேஷ் போர்டுக்குக் கீழே ஓ.பி.டி. என்ற போர்ட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். இதில் செருகும் சிறிய கருவி ஒன்றின் மூலம் இன்ஜின் சுற்றையும் கார் வேகத்தையும் லேப்டாப்பில் பதிவு செய்யலாம். லேப்டாப்பை அருகில் இருப்பவர் பார்த்துக் கொள்ளட்டும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும்.

வீட்டிற்கு வந்த பின் எக்ஸெல் தொகுப்பில் முதல் பத்தியில் சுற்று, இரண்டாவது பத்தியில் வேகம் என இடவும். மூன்றாவது பத்தியில் சுற்றை வேகத்தால் வகுக்கும் பார்முலா கொடுக்கவும். நாம் மேலே எடுத்துக் கொண்ட காரில் 5000ஐ 40ஆல் வகுத்தால் 125. கிளட்ச் முழுவதும் பிடித்த பின், முதல் கியரில் எந்த வேகத்திலும் இந்த 125தான் வரும். கிளம்பும்போது 4500 சுற்று, 9 கி.மீ. என்றால் விடை 500. கிளட்ச் நன்றாக உரசுகிறது. அடுத்து 4000 சுற்று, 20 கி.மீ. என்றால் 200. அதற்கடுத்து 3750 சுற்று, 30 கி.மீ. என்றால் 125, உரசல் நின்றுவிட்டது. 125ஐ எட்ட எத்தனை விநாடிகள் ஆயின என்று பாருங்கள். அந்த நேரம் குறையக் குறைய, தொடங்கும் சுற்றும் குறையக் குறைய, உங்கள் கால் பழகி வருகிறது என்று பொருள்.

நான்காவது கியரில் முழு வேகம் கொடுக்கும்போது இந்த விடை நிலையாக இல்லாமல் ஏறினால், சுற்று கூடுகிறது, வேகம் கூடவில்லை என்று அர்த்தம். பிளேட் தேய்ந்துவிட்டது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சாதாரணக் காரில் கிளட்ச் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைச் சொல்லும் சென்சார் இந்தப் பட்டியலில் இருக்காது. கம்ப்யூட்டர் தரும் எண்களை நம்புங்கள். ஆனால் கருகல் வாடை வரும்போது மூக்கையே நம்புங்கள்.