கரும்பாசித் தாளும் புளித்த சோறும்

சமையல் மேடையில் சிறிய மூங்கில் பாய் ஒன்று விரித்திருக்கிறது. அதன் மேல் கறுப்பா பச்சையா என்று சொல்ல முடியாத நிறத்தில் ஒரு தாள். தாளின் மேல் மெல்லப் பரப்பிய சோறு, நடுவில் நீளவாக்கில் நறுக்கிய வெள்ளரிக்காய். பாயின் ஓரத்தைக் கட்டைவிரல்களால் தூக்கி, மற்ற விரல்களால் வெள்ளரிக்காயை நகராமல் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் சுருட்டி அழுத்த வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கை மகள் கேட்டாள்: "மீன் எங்க பெரியம்மா? மீன் இல்லாம எப்படி சுஷி?"

பலருக்கும் இருக்கும் எண்ணம்தான் இது. சுஷி என்ற பெயர், புளிப்பைக் குறிக்கும் பழைய ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. வெறும் பச்சை மீன் துண்டுக்கு சஷிமி என்று பெயர். காடியில் புளித்த சோறு இருந்தால்தான் அது சுஷி. ஆகவே வீட்டில் சுருட்டிப் பழகுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது சோற்றைப் பற்றி. அடுத்து, அந்தக் கரும் தாளைப் பற்றி. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சிக்கல் ஈரம். சோற்றில் ஈரம் நிற்க வேண்டும், தாளில் அது ஏறக் கூடாது. ஆனால் இரண்டையும் ஒட்டவைத்துத்தான் சுருட்ட வேண்டியிருக்கிறது.

நான் முதன்முதலில் முயன்றது புழுங்கல் பொன்னியில். குக்கரில் குழைய விட்டேன், காடி சேர்த்தேன், சுருட்டினேன். கத்தி வைத்ததும் துண்டுகள் உதிர்ந்து தட்டில் பரவின. கைப்பழக்கம் போதாது என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு முறை செய்து பார்த்த பிறகுதான் அரிசியின் இயல்பு வேறு என்பது விளங்கியது.

அரிசியில் இருக்கும் மாவுச்சத்து இரண்டு வகை மூலக்கூறுகளால் ஆனது. ஒன்று அமைலோஸ்: பெரும்பாலும் கிளையில்லாத நீண்ட சங்கிலி. மற்றது அமைலோபெக்டின்: முள்மரம் போலக் கிளைத்துப் படர்ந்தது. அமைலோஸ் மிகுந்த அரிசி வெந்து ஆறியதும் பருக்கை பருக்கையாக நிற்கும். அமைலோபெக்டின் மிகுந்தால் பருக்கைகளின் மேற்பரப்பில் பசை போலப் படிந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சுஷிக்குப் பயன்படும் ஜப்பானியக் குட்டை அரிசியில் அமைலோஸ் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு. நாம் அன்றாடம் உண்ணும் நெல் வகைகள் பலவற்றில் அது 25 விழுக்காட்டை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். புழுங்கல் என்றால் இன்னொரு படி கூட. நெல்லிலேயே ஒருமுறை வெந்து, காய்ந்து, மாவுச்சத்து இறுகிவிட்டது. போதாததற்கு நாம் சோற்றை வடிக்கிறோம். ஒட்டவைக்கும் பசையில் பெரும்பங்கு கஞ்சியோடு போய்விடுகிறது. குழம்பு ஊற்றிப் பிசைந்து உண்ணும் சோற்றுக்கு அதுதான் சரி. சுருட்டும் சோற்றுக்கு அது ஆகாது.

ஆகவே குட்டை அரிசியே வேண்டும். தண்ணீர் தெளியும் வரை நன்றாகக் களைந்து, அரை மணி நேரம் ஊற வைத்து, அரிசியின் அளவுக்கு ஏறக்குறைய சமமான தண்ணீரில் மூடி வேக வைக்க வேண்டும். வடிக்கக் கூடாது. அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் மூடியைத் திறக்காமல் விட்டால், அடியில் தங்கிய ஈரம் ஆவியாகி மேலேறி எல்லாப் பருக்கைக்கும் பரவும். 300 கிராம் அரிசிக்கு 60 மில்லி அரிசிக் காடி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு. இந்தக் கலவையைச் சோறு சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். ஆறிய சோற்றில் ஊற்றினால் காடி உள்ளே இறங்காமல் பாத்திரத்தின் அடியில் தேங்கும்.

அடுத்த வேலை பார்க்க அழகானது. ஜப்பானியச் சமையல்காரர் ஒரு கையில் தட்டையான மர அகப்பையைப் பிடித்து, வெட்டுவது போலச் சோற்றைப் பிரிப்பார். கிளறினால் பருக்கை உடைந்து உள்ளிருக்கும் மாவு வெளியேறிக் களியாகிவிடும். மறு கையில், அல்லது உதவிக்கு நிற்பவர் கையில், விசிறி இருக்கும். வீசும்போது மேற்பரப்பின் கூடுதல் ஈரம் ஆவியாகிறது; மாவும் சர்க்கரையும் கலந்த மெல்லிய படலம் ஒவ்வொரு பருக்கை மீதும் பளபளப்பாகப் படிகிறது. ஹாங்கிரி என்னும் அகன்ற மரத்தொட்டியில் இதைச் செய்வதற்கும் காரணம் உண்டு: மரம் மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வீட்டில் அகன்ற தாம்பாளம் போதும், விசிறுவதை மட்டும் விடக் கூடாது.

கைச்சூட்டுக்கு ஆறியதும் சுருட்டிவிட வேண்டும். மீதியை நாளைக்கு என்று குளிர்ப்பெட்டியில் வைத்தால் விறைத்துப்போகும். வெந்தபோது கலைந்த மாவுச்சத்துச் சங்கிலிகள் குளிரில் மீண்டும் வரிசை கட்டி இறுகுகின்றன. உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் குளிரில்தான் இது மிக வேகமாக நடக்கும், குளிர்ப்பெட்டியின் குளிரும் அதுதான். அப்படியானால் வெளியே வைத்த சோறு கெடாதா என்று கேட்கலாம். சாதாரணச் சோறு கெடும். பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரின் ஸ்போர்கள் கொதிநீரிலும் பிழைத்து, சோறு ஆறியதும் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் நச்சுகளில் ஒன்று மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. காடி சேர்ந்து சோற்றின் pH அளவு 4.6க்குக் கீழே இறங்கும்போது அதன் பெருக்கம் பெரிதும் தடைபடுகிறது. சுவைக்காக என்று நாம் நினைக்கும் புளிப்பு உணவைக் காக்கவும் செய்கிறது.

சுஷிக்குள் புளிப்பு வந்ததே அந்தக் காவல் வேலைக்காகத்தான். ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவின் கரையில் இன்றும் ஃபுனாசுஷி செய்கிறார்கள். ஏரி மீனை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து, பிறகு சோற்றுக்குள் புதைத்து, பாரம் ஏற்றி, ஓராண்டோ அதற்கு மேலோ விட்டுவிடுவார்கள். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சோற்றைப் புளிக்கவைக்கும். அந்தப் புளிப்பு மீனைக் கெடாமல் வைத்திருக்கும். நம் பழைய சோற்றைப் புளிக்கவைப்பதும் இதே வகை நுண்ணுயிர்கள்தான். குழைந்துபோன அந்தச் சோற்றை வழித்துப் போட்டுவிட்டு மீனை மட்டும் உண்பார்கள். நூற்றாண்டுகள் போகப் போகக் காத்திருக்கும் காலம் குறைந்தது, சோற்றையும் சேர்த்து உண்ணத் தொடங்கினார்கள். 1804இல் ஹண்டா ஊரைச் சேர்ந்த மதுபான உற்பத்தியாளர் நகானோ மதசாயேமொன், சாக்கே என்னும் மதுவை வடித்த பின் மிஞ்சும் சக்கையிலிருந்து மலிவான காடி செய்யத் தொடங்கினார். இன்றைய டோக்கியோவான எடோ நகரத்துச் சுஷிக் கடைகள் அதை எடுத்துக்கொண்டன. ஓராண்டு காத்துப் பெற்ற புளிப்பு ஒரு கரண்டியில் கிடைத்துவிட்டது.

தாளுக்கு வருவோம். இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுப்பதில்லை.

நோரி என்பது கடற்பாசி. பறித்து, பொடியாக நறுக்கி, நன்னீரில் கலக்கி, சட்டங்களில் பரப்பிக் காயவைத்தால் தாளாகிறது. கையால் காகிதம் செய்யும் முறையைப் பார்த்து எடோ காலத்தில் கற்றுக்கொண்டது என்பார்கள். ஒரு தாள் 21க்கு 19 சென்டிமீட்டர், எடை மூன்று கிராம் அளவில். எடோ விரிகுடாவின் ஆழமற்ற நீரில் மூங்கில் கிளைகளை நட்டுவைத்துவிட்டு மீனவர்கள் காத்திருப்பார்கள். சில ஆண்டுகள் கிளை முழுக்கப் பாசி அடர்ந்து தொங்கும். சில ஆண்டுகள் ஒன்றும் ஒட்டாது. கோடையில் பாசி அடியோடு மறைந்துவிடும். இலையுதிர் காலத்தில் எங்கிருந்தோ திரும்பி வரும். விதை எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. அதிர்ஷ்டத்தை நம்பி வளர்க்கும் பயிர் என்றே அதற்குப் பெயர் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டுகளில் விளைச்சல் சரிந்தபோது, அந்த வருமானத்தை நம்பியிருந்த கரையோரக் குடும்பங்கள் தவித்துப்போயின.

விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. கேத்லீன் டுரூ பேக்கர் 1901இல் லங்காஷயரின் லீ ஊரில் பிறந்தவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்தார். 1928இல் திருமணம் ஆயிற்று. மணமான பெண்களை விரிவுரையாளராக வைத்துக்கொள்வதில்லை என்பது அந்நாளைய நடைமுறை. வேலை போயிற்று, மதிப்புநிலை ஆய்வாளர் என்ற பெயரோடு ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருந்தார். அவர் எடுத்துக்கொண்டது நோரியின் நெருங்கிய உறவான, வேல்ஸ் கரையோர மக்கள் வேகவைத்து உண்ணும் பாசி. அதன் ஸ்போர்களைக் கடல்நீரில் வைத்து வளர்த்தபோது அவை மெல்லிய இழைகளாக முளைத்தன. சிப்பி ஓடு ஒன்றை அந்த நீரில் போட்டார். ஸ்போர்கள் ஓட்டைத் துளைத்து உள்ளே புகுந்து இளஞ்சிவப்பு இழைகளாகப் படர்ந்தன. அந்த இழைகளை அறிவியல் உலகம் ஏற்கெனவே அறிந்திருந்தது. 1892 முதல் அவை கான்கோசெலிஸ் என்ற தனி உயிரினமாகப் பட்டியலில் இருந்தன. பாசியும் இழையும் ஒரே உயிர், ஒன்று மற்றதன் கோடைக்கால உருவம் என்பதை டுரூ 1949இல் 'நேச்சர்' இதழில் மிகச் சுருக்கமான கட்டுரை ஒன்றில் எழுதினார்.

மீனவர்கள் தேடிய விதை அவர்கள் காலடியில் கிடந்த சிப்பி ஓடுகளுக்குள் இருந்திருக்கிறது. கியூஷூ பல்கலைக்கழகத்தின் செகாவா சோகிச்சி இந்தக் கண்டுபிடிப்பை ஜப்பானியப் பாசிக்குப் பொருத்திப் பார்த்தார். குமமோட்டோவில் ஓட்டா ஃபுசாவோ அதைச் செயற்கை விதைப்பு முறையாக்கினார். இன்று தொட்டிகளில் சிப்பி ஓடுகளைத் தொங்கவிட்டுக் கோடை முழுவதும் இழைகளை வளர்க்கிறார்கள். நீர் குளிர்ந்து பகல் குறுகும்போது ஓடுகளிலிருந்து நுண்வித்துகள் வெளிவரும்; சுழலும் சக்கரத்தில் கட்டிய வலைகள் அவற்றை ஏந்திக்கொண்டு கடலுக்குப் போகும். கியூஷூவின் அரியாகே கடலில் ஓத ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஆறு மீட்டர் வரை வேறுபாடு உண்டு. நீர் வற்றும்போது வலைகள் வெயிலில் காயும். வேண்டாத பாசிகளும் நோய்க்கிருமிகளும் மாயும், நோரி மட்டும் தாங்கி நிற்கும்.

டுரூ ஜப்பானுக்குப் போனதே இல்லை. தன் ஒரு சிறு கட்டுரையிலிருந்து எவ்வளவு பெரிய தொழில் எழுந்தது என்பதை முழுதாகப் பார்க்காமலே 1957இல் 55 வயதில் மறைந்தார். 1963இல் பாசி வளர்ப்பவர்கள் காசு சேர்த்து, அரியாகே கடலைப் பார்த்தபடி உட்டோ நகரின் சுமியோஷி ஆலயத்தருகே அவருக்கு நினைவுக்கல் எழுப்பினார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று அங்கே கூடி அவரை வணங்குகிறார்கள். கடலின் தாய் என்பது அவர்கள் வைத்த பெயர்.

நோரி மூலக்கூறு அளவிலும் வியப்பூட்டுகிறது. காய்ந்த தாள் கருஞ்சிவப்புச் சாயலில் இருக்கும்; இலேசாகத் தணலில் காட்டினால் பச்சையாகும். சிவப்பும் நீலமும் தரும் நிறமிகள் புரதத்தோடு பிணைந்தவை, சூட்டில் சிதையும். பச்சையம் கூடுதல் நேரம் தாங்கும், அதனால் அதன் நிறம் மேலே தெரிகிறது. இன்னொன்று, நோரியில் உள்ள போர்ஃபிரான் என்னும் சர்க்கரைச் சங்கிலியை உடைக்க மனித உடலில் நொதி கிடையாது. 2010இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள், ஜப்பானியர் சிலரின் குடல் பாக்டீரியாக்களில் அதை உடைக்கும் மரபணுக்கள் இருப்பதைக் கண்டார்கள். ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர்களிடம் அவை இல்லை. அந்த மரபணுக்கள் கடலில் பாசி மேல் வாழும் பாக்டீரியாக்களுடையவை. தலைமுறை தலைமுறையாக உண்ட பாசியோடு உள்ளே போன கடல் நுண்ணுயிர்கள், குடலில் குடியிருந்தவற்றுக்கு அந்தக் கலையைக் கொடுத்திருக்கின்றன.

தங்கை மகளின் கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. மீன் சந்தையில் வாங்கிய பச்சை மீனை வீட்டுச் சுருளில் வைக்கவே வைக்காதீர்கள். கடல் மீன்களில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். காடியோ உப்போ வசாபி என்ற காரமான விழுதோ அதைக் கொல்லாது. நன்றாக வேகவைக்க வேண்டும், இல்லையேல் மைனஸ் 20 டிகிரியிலோ அதற்குக் கீழோ ஏழு நாள் உறைந்திருக்க வேண்டும். வீட்டு உறைபெட்டி பெரும்பாலும் அவ்வளவு குளிர்வதில்லை. இழப்பும் ஒன்றுமில்லை, ஏனெனில் எடோ மரபில் நோரிச் சுருள் என்றாலே உள்ளே இருப்பது கன்ப்யோ. சுரைக்காயை நாடா போலச் சீவி, காயவைத்து, சோயா சாறும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்தது. ஆம், நம் சுரைக்காயேதான். வெள்ளரிச் சுருளுக்குக் கப்பா மாக்கி என்று பெயர். கப்பா என்பது வெள்ளரிக்காய்க்கு ஆசைப்படும் ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளின் நீர்ப்பூதம். வசாபி கிடைக்காவிட்டால் துளி கடுகு விழுது தடவலாம். இரண்டிலும் மூக்கில் ஏறுவது ஒரே மூலக்கூறு.

மெல்லிய சுருளுக்கு அரைத் தாள் போதும். வழுவழுப்பான பக்கம் வெளியே, சொரசொரப்பான பக்கம் சோற்றுக்கு. விரல்களைக் காடி கலந்த தண்ணீரில் நனைத்துக்கொண்டால் சோறு கையில் ஒட்டாது. பருக்கைகளை நசுக்காமல் பரப்பி, மேல் ஓரத்தில் ஒரு விரற்கடை வெறுமையாக விட வேண்டும். அந்த ஓரம்தான் சோற்றின் ஈரத்தில் இளகி ஒட்டி முடிச்சாகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத்துணியில் துடைத்து, பாதியாக வெட்டி, பாதிகளைச் சேர்த்து வைத்து மூன்றாக வெட்டினால் ஆறு துண்டுகள்.

தங்கை மகள் முதல் துண்டைக் கடித்தபோது நொறுங்கும் சத்தம் எனக்கும் கேட்டது. ஐந்து துண்டுகள் தீர்ந்த நேரத்தில் தோழியின் அழைப்பு வர, கைப்பேசியோடு அவள் வாசலுக்குப் போனாள். கால் மணி நேரம் கழித்து வந்து ஆறாவதை வாயில் போட்டவள் முகம் சுளித்தாள். "இது மட்டும் ஏன் பெரியம்மா ஜவ்வு மாதிரி இழுக்குது?"

ஜப்பானியச் சிறுகடைகளில் விற்கும் சோற்றுருண்டைப் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னேன். சோற்றுக்கும் நோரிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கும். உண்ணும் நொடியில் அதை உருவி எடுத்தால்தான் இரண்டும் தொடும். கேட்டுக்கொண்டே டப்பாவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தை ஒதுக்கி, புதிய தாள் ஒன்றை எடுத்தாள். கையை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தொட்டாள்.