சுதைப் பூச்சும் சுவரின் நலமும்

மதுரையில் திருமலை நாயக்கர் 1636ஆம் ஆண்டில் எழுப்பிய அரண்மனையைக் காண்போர், அதன் பெருந்தூண்களின் வழவழப்பை வியப்பர். கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுதைப் பூச்சே அவற்றுக்கு வழவழப்பைத் தந்தது.

சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். எஞ்சிய சுண்ணாம்பை நீரில் நீற்றி, மணலுடன் அரைத்துச் சுவரில் பூசுவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பதும் நம் மரபு. பூசப்பட்ட சாந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கல்லின் தன்மையை அடைகிறது.

இப்பூச்சின் நுண்துளைகள் வழியே சுவரின் ஈரம் வெளியேறும். சிமெண்டுப் பூச்சு விரைவில் இறுகும், வலிமையும் மிக்கது, ஆயினும், ஈரத்தை எளிதில் வெளிவிடாது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய வீட்டின் வெளிச்சுவரில் அதனைப் பூசினால், ஐப்பசி, கார்த்திகை மழையில் விரிசல் வழியே புகும் நீர் உள்ளேயே தங்கிவிடும். நாளடைவில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும், செங்கல்லும் அரிக்கப்படும். சிமெண்டுக் கலவையால் கட்டிய புதிய சுவருக்கோ சிமெண்டுப் பூச்சு நன்கு பொருந்தும்.

சுண்ணாம்புப் பூச்சுக்கும் குறை உண்டு. அது இறுகுவதற்கு நாளாகும். சித்திரை வெயிலில் விரைந்து உலர்ந்தால் வெடிக்கும். எனவே, நிழலிட்டு நீர் தெளித்துப் பேணுதல் வேண்டும்.

பூச்சின் நிறத்தையும் விலையையும் கருதுமுன், சுவர் எதனால் கட்டப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். சுவருக்கு இசைந்த பூச்சே வீட்டைக் காக்கும்.