டீச்சர் வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள்: பெற்றோர் அறிய வேண்டியவை

உயர்தரப் பெறுபேறு வந்ததும் தோட்டங்களில் பல பெற்றோர் எம்மிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அரசாங்கமே காசு குடுத்துப் படிக்க வைக்குது. அப்ப டீச்சர் வேலை நிச்சயந்தானே?" என்கிறார்கள். பிள்ளை எந்த வழியில் போகிறது என்பதைப் பார்த்துத்தான் இதற்குப் பதில் சொல்லலாம்.

பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கலாம். இது 1981ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. ஆனால் அது படிப்புச் செலவுக்கான உதவி மட்டுமே. பட்டம் பெற்ற பிறகு ஆசிரியர் வெற்றிடங்களுக்கு விண்ணப்பம் கோரும்வரை காத்திருக்க வேண்டும். போட்டிப் பரீட்சை, நேர்முகப் பரீட்சை எல்லாம் தாண்ட வேண்டும்.

தேசிய கல்வியியற் கல்லூரிகளின் வழி வேறு. இவை 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. எமது பகுதியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி இருக்கிறது. படிப்பு 3 வருடம். முதல் 2 வருடம் கல்லூரியிலே தங்கிப் படிக்க வேண்டும். மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறு பயில்வு. மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. முடிவில் சித்தியடைந்தால் தேசிய கற்பித்தல் டிப்ளோமா கிடைக்கும். அதை வைத்து இலங்கை ஆசிரியர் சேவைக்கு நியமனம் வழங்குவதே நடைமுறை.

பயிற்சி இல்லாமல் உள்ளே போனால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2015ஆம் ஆண்டளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாகச் சேர்ந்தவர்கள் முதலில் மாதம் 6,000 ரூபாவும் பிறகு 10,000 ரூபாவும்தான் பெற்றார்கள். பயிற்சி முடிக்கும்வரை முழு ஆசிரியர் சம்பளம் இல்லை.

ஆகவே கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஆனாலும் சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

1. படிப்பு முடிந்த மறுமாதமே நியமனக் கடிதம் வரும் என்று நினைக்க வேண்டாம். சில அணிகள் பல மாதம் காத்திருந்திருக்கின்றன. முதல் சம்பளத்தை நம்பி வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள்.

2. வெற்றிடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நியமனம். வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் என்பதில்லை. பெண் பிள்ளைகளைத் தூரப் பாடசாலைக்கு அனுப்ப மாட்டோம் என்று கடைசி நேரத்தில் மறுத்தால், அந்த 3 வருடப் படிப்பும் வீணாகிப் போகும்.

3. சேரும்போது ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்டால், அதை வாசித்து விளங்கிக்கொண்டு போடுங்கள். இடையில் விலகினால் என்ன கட்ட வேண்டும் என்றும் கேளுங்கள்.

4. மலையகப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர்கள் போதாது. சாதாரண தரம் முடிந்து பாடம் தெரிவு செய்யும்போதே இதை மனதில் வையுங்கள்.

இன்னொன்று. தெரிவின்போது நிரந்தர வதிவிடத்தை உறுதிப்படுத்த வேண்டும். லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளையாக இருந்தாலும், பெற்றோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லாவிட்டால் சிக்கல் வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றாலும் அப்படித்தான். வர்த்தமானி அறிவித்தல் வந்த பிறகு ஓடித் திரிந்தால் நேரம் போதாது. பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே கிராம சேவகரிடம் போய் இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் நிரப்புவது கஷ்டமென்றால் தோட்ட நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள், உதவி செய்கிறோம்.