இனிப்பு செய்த குற்றமல்ல

செந்துறையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஓயாமல் தண்ணீர் கேட்கிறான், அடிக்கடி சிறுநீர் கழிக்கிறான், வயிறார உண்டும் இளைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மிட்டாய் தின்ற வினை’ என்று தாயைக் கடிந்துகொள்வார்கள். பாவம், அவள்மேல் குற்றமில்லை! அன்றே இரத்தச் சர்க்கரையைப் பார்க்கவேண்டும்.

நோய்க்கிருமிகளை எதிர்க்கவேண்டிய வெள்ளணுக்களே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைப் பகையென்று கருதி அழித்துவிடுகின்றன. எது நம் உடல், எது அந்நியம் என்று அவை பிரித்தறிய உதவுபவை 6-ஆம் குரோமோசோமிலுள்ள எச்.எல்.ஏ. மரபணுக்கள். அவற்றில் டி.ஆர்.3, டி.ஆர்.4 வகைகளைப் பெற்றுப் பிறந்தோருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல். ஆனால் மரபணு மட்டும் போதாது. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்து, மற்றவர் தப்புவதும் உண்டு. வைரஸ் போன்ற ஏதோவொன்று தூண்டுகிறது என்பது அறிஞர் கருத்து.

1922-இல் டொராண்டோவில் முதல் இன்சுலின் ஊசி போடப்படும்வரை இக்குழந்தைகள் பிழைத்ததில்லை. இன்று ஊசியோடு பள்ளிக்குப் போகலாம், விளையாடலாம். பாகற்காய்ச் சாற்றை நம்பி ஊசியை நிறுத்தினால், சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.